நாலு டிக்கெட்

கோட்டை வாசலில் வேனை நிறுத்தி, ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டார்.

"மியூசியம் வலது பக்கம். பீரங்கி மேல பசங்க ஏறாம பார்த்துக்குங்க. ஒன்றரை மணி நேரம் தாராளமா போதும்."

"பதினாலு வருஷமா வர்றவராச்சே, எல்லாம் அத்துப்படி!" என்று சிரித்த அந்தப் பெண், ஓட்டமெடுத்த சின்னவனைத் துரத்திக்கொண்டு டிக்கெட் கவுண்டருக்குப் போனாள். மூத்தவளும் பின்னாலேயே ஓடினாள்.

வழக்கம்போல் அவர் வேனை மரநிழலுக்கு நகர்த்தி, சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடினார்.

கண்ணாடியைத் தட்டும் சத்தம். மூத்தவள் டிக்கெட்டுகளை ஆட்டிக் காட்டினாள்.

"நாலு எதுக்கு? நீங்க மூணு பேர்தானே?"

"ஐயோ அப்பா! இன்னிக்கு சவாரி இல்ல, நம்ம வீட்டு டூர். இறங்குங்க!"

"பழக்கதோஷம்டா கண்ணு," என்று அசடு வழிய இறங்கினார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த வாசலைத் தாண்டியதே இல்லை. சொன்னதெல்லாம் சவாரிக்கு வந்தவர்கள் பேசக் கேட்டதுதான்.

"பீரங்கி எவ்ளோ பெருசுப்பா?"

அவர் மகளின் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியாதும்மா. வா, பார்க்கலாம்."