ஆறாவது வட்டம்

"பஸ் ஸ்டாப்புல வச்சிருக்கிற ஃப்ளெக்ஸைப் பார்த்தீங்களா மதினி?"

களை எடுக்கப் போகும் வழியில் செல்வி கேட்டதுமே மணிமேகலை வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தாள்.

எல்லையில் சண்டை என்று ஒரு வாரமாக டிவி அலறிக்கொண்டிருந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும் என்று தெரிந்ததும், பூண்டு வியாபாரி குமரகுரு தன் செலவிலேயே ஃப்ளெக்ஸ் அடித்து நிறுத்திவிட்டார்.

ஆறு வட்டங்கள். ஐந்தில் தெருப் பையன்களின் முகம், கம்ப்யூட்டரில் ஒட்டிய ராணுவத் தொப்பியோடு. முதல் படம், மற்றதைவிடக் கொஞ்சம் பெரிசாக, குமரகுருவின் மகன் பாலமுருகன்.

ஆறாவது வட்டத்தில் முகம் இல்லை. ஒரு கேள்விக்குறி. கீழே சிவப்பு எழுத்தில், 'இங்கே இருக்க வேண்டியவன் எங்கே ஒளிந்திருக்கிறான்?'

தெருவில் அந்த வயசுப் பையன்கள் மொத்தமே ஆறு பேர். ஆறாவது, அவள் மகன் கோகுல்.

"ஏன்டா, எல்லாரும் குமரகுரு அண்ணன்கிட்ட பேர் குடுத்திருக்காங்க. நீ மட்டும் ஏன் மாட்டேங்கிற?"

வீட்டில் கேரட் மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்த கோகுல் நிமிர்ந்தான்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. குமரகுரு மாமா கேட்டப்பவும் அதைத்தான் சொன்னேன்."

"பயம்னா சொன்ன? அவருகிட்டயா?"

"வேற என்னத்தைச் சொல்ல?"

மணிமேகலை தலையில் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலி, மூச்சு இரைப்பு என்று எத்தனையோ சாக்கு இருக்க, இப்படியா சொல்லித் தொலைப்பான்?

மறுநாளே ஊர் வேலையைக் காட்டத் தொடங்கியது. வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து கோகுலைத் தூக்கினார்கள். கபடிக்குப் போனவனைப் பாலமுருகனே வாசலில் மறித்து, "இது ஆம்பளைங்க டீமு மாப்ள" என்றானாம். டீக்கடைப் பெஞ்சில் அவன் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துகொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை வெள்ளனே கதவைத் திறந்தால், தாழ்ப்பாளில் ஒரு கேரி பேக் தொங்கியது. உள்ளே ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல்.

அவள் முந்தானைக்குள் மறைப்பதற்குள் கோகுல் பார்த்துவிட்டான். ஒன்றை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்தான்.

"சின்ன சைஸும்மா. உனக்கும் பத்தாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறி லோடு ஏற்றிப் போயிருந்த புருஷனுக்குப் போன் போட்டாள். "ஊரோட ஒத்துப் போகச் சொல்லு. நாளைக்கு நான் தலை நிமிந்து நடக்க வேணாமா?" என்று வைத்துவிட்டார்.

பெற்ற மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. பையன் போய்விடக் கூடாது. ஆனால் இந்த அவமானத்தை அவன் எத்தனை நாள் தாங்குவான்? சனிக்கிழமை அவன் தோட்டத்திலிருந்து வர நேரமானதும், கிணறு, மரக்கிளை என்று ஏதேதோ தோன்றி, செருப்புக்கூடப் போடாமல் தேடிக்கொண்டு ஓடினாள். அவன் வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"பதிஞ்சுதான் வையேன்டா. அப்புறம் செலக்சன் ஓட்டத்துல வேணும்னே பின்தங்கிட்டு வந்துரு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேம்மா."

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மேகம் இறங்கித் தெருவே தெரியவில்லை. குமரகுரு வாசலுக்கே வந்துவிட்டார்.

"எட்டு மணிக்கு எங்க வீட்டுல வச்சுப் பசங்க எல்லாருக்கும் பதியப் போறேன் தங்கச்சி. உன் மகன் வந்தா மரியாதை. வரலேன்னா அந்த ஃப்ளெக்ஸ் வருசம் பூரா அங்கனதான் நிக்கும்."

அவர் போய் அரை மணி நேரம் ஆகியிருக்காது. பனிக்குள்ளிருந்து செருப்புச் சத்தம். ஒருவர் இல்லை, நாலு பேர். முன்னால் பாலமுருகன்.

மணிமேகலை வாசலுக்கு ஓடினாள். இழுத்துக்கொண்டு போகவே வந்துவிட்டார்கள். கொல்லையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த மகனுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திவிட்டு, குறுக்கே நின்றாள்.

"அவன் இல்ல. போயிருங்க."

"அத்தை, ஒரு நிமிசம்..."

"என்னடா ஒரு நிமிசம்? ஒண்ணா விளையாண்டவன்தான? அவனைப் பாடாப் படுத்துனது போதாதா? நாலு பேராச் சேந்து வீடேறி வந்துட்டீங்களா? ஏலே, என்னைத் தாண்டித்தான் அவனைத் தொடணும்!"

பாலமுருகன் பதறிப்போய்த் திரும்பி, தெருவைப் பார்த்தான்.

"சத்தம் போடாதீங்க அத்தை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அப்பா காதுல விழுந்துரும்."

அப்போதுதான் அவள் அந்த முகங்களைச் சரியாகப் பார்த்தாள். ஒருத்தன் அழுதிருந்தான்.

"அஞ்சு பேர்ல வேலுமணி மட்டுந்தான் நெசமாவே ஆசைப்பட்டுப் போறான் அத்தை. அவன் வரல. நாங்க நாலு பேருந்தான்..." பாலமுருகனுக்குக் குரல் உடைந்தது. "எட்டு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான் கெடக்கு. எனக்குப் பயமா இருக்குன்னு எங்கப்பா மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொன்னான்னு, கோகுல்கிட்ட கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்."