ஊதாவைக் காணோம்

"என் ஊதாவை எவன் எடுத்தான்?" என்று கணக்கு வாத்தியார் மூன்றாம் முறையாகக் கத்தியதும், மாடி வீட்டு அம்மாள் கொடியில் கிடந்த தன் ஊதாப் போர்வையை உருவிக்கொண்டு உள்ளே ஓடினாள். நமக்கேன் வம்பு என்றுதான்.

வாத்தியார் தேடியது துணியை அல்ல, நிறத்தை. அவரிடம் நாற்பது வயதான வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. பழைய டிவியோடு இணைத்தால்தான் அதற்கு உயிர் வரும். திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு இரண்டே நிறம், மூன்றாவதுக்கு இடமில்லை என்று கறாராக நிற்கிற ஜாதி அது.

அப்பேர்ப்பட்ட மெஷினில் நீலக் கடலையும் சிவப்புச் சூரியனையும் வரைந்து, இரண்டும் தொடும் இடத்தில் ஊதா அலையை ஓடவிட்டவர் வாத்தியார். அதுவும் ஒரே ஒரு கிலோபைட்டுக்குள். கடிதமாக எழுதினால் ஒரு பக்கம் தேறாது. எண்களை மாற்றி மாற்றிப் போட்டு வரவழைத்ததாம். மூன்று மாதமாக மனிதருக்குக் கால் தரையில் படவில்லை.

மெஷினைப் போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் அலை கிளம்பும். கேட்டால், "நல்ல பாட்டுக்காரனுக்கும் தொண்டை சூடாகணும்ல" என்பார்.

இன்று நான்கு மணிக்குப் பழைய கம்ப்யூட்டர் சங்கத்துக்காரர்கள் ஐந்து பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அலையைக் கண்ணால் பார்த்ததும் இந்த வருஷக் கேடயத்தைக் கொடுப்பதாக ஏற்பாடு. அவர்களில் புட்டிக் கண்ணாடி போட்ட செயலாளர், வாத்தியாரின் ப்ரோக்ராமை அச்செடுத்து மூன்று தடவை படித்தும் ஊதா எந்த வரியில் இருக்கிறது என்று பிடிபடாதவர். கேடயத்தை மடியைவிட்டு இறக்கவில்லை.

ஒரு மணி நேரமாயிற்று. கடல் நீலமாகவே கிடந்தது. சூரியன் சிவப்பாகவே நின்றது.

வாத்தியார் ப்ரோக்ராமை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். ஒரு புள்ளி மாறவில்லை. அப்போதுதான் அவர் பார்வை மூலையில் டீ டம்ளரோடு நின்ற மைத்துனன்மேல் விழுந்தது. டிவி மெக்கானிக். ஒட்டிக்கொண்ட பட்டன் ஒன்றைச் சரிசெய்ய அக்கா கூப்பிட்டு, நேற்று மெஷினோடு தனியாக இருந்தவன்.

"நேத்து என்னடா பண்ணின இதுல?"

"பட்டனைத் துடைச்சேன் மாமா" என்றவன் அக்காவைப் பார்த்தான். அக்கா வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள். சற்றுமுன் இருவரும் சமையலறையில் குசுகுசுத்ததையும் வாத்தியார் கவனித்திருந்தார்.

அது போதாதா? அக்காவும் தம்பியும் கூட்டுச்சதி என்று பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்றே இந்தப் பயல் முறைத்துக்கொண்டு நின்றதில் ஆரம்பித்து, இரவல் வாங்கிய ஏணியை இன்னும் திருப்பாதது வரை அத்தனையையும் சபையில் எடுத்துவிட்டார். கேடயம் தனக்கு வரக்கூடாது என்று எவனோ இவனை ஏவிவிட்டான் என்று புட்டிக் கண்ணாடியையும் ஓரக்கண்ணால் ஒரு இழு இழுத்தார்.

அவங்க போனப்புறம் பேசிக்கலாம் என்று மனைவி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"எதுக்கு போனப்புறம்? நாலு பேர் முன்னாடியே தெரியட்டும், எவன் திருடன்னு."

"வேணாம் மாமா. தனியா சொல்றேனே."

"இப்பவே சொல்லுடா. உள்ளே கையை விட்டியா இல்லையா?"

திருடன் என்ற சொல் விழுந்ததுமே மைத்துனன் முகம் கறுத்துவிட்டது. டம்ளரை ணங்கென்று மேஜையில் வைத்தான்.

"விட்டேன். ஒரு சிப்பு கெட்டுக் கிடந்துச்சு. சூடு ஏற ஏற நீலத்துக்குள்ள சிவப்பு கசியுது. நம்ம மாமா மெஷினாச்சேன்னு நல்லதா ஒண்ணு மாத்திவிட்டேன்."

புட்டிக் கண்ணாடி கேடயத்தை மெல்லப் பைக்குள் நுழைத்தார்.

மைத்துனன் சட்டைப் பையிலிருந்து, கால்கள் வளைந்த கறுப்புச் சிப்பு ஒன்றை எடுத்து வாத்தியாரின் உள்ளங்கையில் வைத்தான்.

"இந்தாங்க மாமா, உங்க ஊதா."