வாய்தா நாள்

குடும்ப நீதிமன்ற வராந்தாவில் எதிர் பெஞ்சிலிருந்து எழப்போன செங்குட்டுவன் அப்படியே குப்புற விழுந்தான். மூன்று வருடமாக அவனோடு பேசாத எழிலரசிதான் முதலில் ஓடிவந்து அவனைப் புரட்டிப் போட்டாள். மூச்சில்லை; கழுத்தில் நாடியும் இல்லை. அவள் நர்ஸ். நெஞ்சின் நடுவில் ஒரு கையை வைத்து, அதன்மேல் மறுகையைக் கோத்து, அழுத்தத் தொடங்கினாள். அவன் சட்டையில் அவளுக்குப் பழக்கமில்லாத ஏதோ சோப்பின் வாசனை வந்தது. எலும்பு ஒன்று உள்ளே முறிந்ததை அவள் கை உணர்ந்தது. நிறுத்தவில்லை. எலும்பு பிறகு கூடிக்கொள்ளும்.

டவாலி வாசலில் வந்து நின்று இருவர் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். அவளுடைய வக்கீல் குனிந்தார்.

“மேடம், கேஸ கூப்பிட்டாச்சு. இங்க வேற யாராச்சும் பாத்துக்கட்டும். நீங்க உள்ள வந்து தலையக் காட்டிட்டுப் போயிடுங்க. இன்னைக்கு விட்டா இன்னும் எத்தனை மாசம் இழுக்குமோ.”

“வேற யாருக்கு சார் இது தெரியும்?”

அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். வியர்வை அவள் மூக்கு நுனியிலிருந்து அவன்மேல் சொட்டியது.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து மின்னதிர்வு கொடுத்த பிறகு, நாடி மெலிதாகத் திரும்பியது. ஸ்ட்ரெச்சரை வண்டிக்குள் ஏற்றிவிட்டு ஒருவன் கேட்டான்.

“பேஷண்டுக்கு நீங்க யாரும்மா?”

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் வண்டியில் ஏறிவிட்டாள்.