வளராத கிட்டார்

“யானை பல் குத்துற மாதிரி இருக்கு மாப்பிள்ளை!”

சிங்கம் இப்படிச் சொன்னதும் டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

மாப்பிள்ளை என்பது சிங்கத்தின் தங்கை கணவன். ஆறடி மூன்று அங்குலம், நூற்றுப் பத்து கிலோ. எல்லோரும் வைத்த பெயர் மலை. அந்த மலையின் மடியில் ஒரு குட்டி கிட்டார், கைக்குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது.

“சத்தம் நல்லா இருக்கு மச்சான். பஸ்ல மடியிலயே வச்சுக்கலாம்,” என்றான் மலை.

“மடியில வச்சுக்க டிபன் பாக்ஸ் போதுமே!”

சிங்கம் பாடகர். இளமையில் அவர் பாடினால் கண்ணாடி டம்ளர் அதிருமாம். அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

சனி, ஞாயிறு மாலைகளில் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் இந்த மூவர் கச்சேரி. மைக் கிடையாது. “சாப்பிட வர்றவங்க பேசிக்க வேண்டாமா?” என்பார் முதலாளி.

முன்பெல்லாம் மலை வாசித்தது அண்டா சைஸ் கிட்டார். ஆறு மாதமாகத்தான் இந்தக் குட்டி. சும்மா சொல்லக்கூடாது, கிணுகிணுவென்று அது பேச ஆரம்பித்தால் சாப்பிடுகிறவர்கள் ஸ்பூனைக் கீழே வைத்துவிடுவார்கள். முதலாளியின் மகள், ஐந்து வயது, ஒவ்வொரு வாரமும் ஓடி வந்து ஒரே கேள்வி கேட்பாள்.

“மாமா, இது வளர்ந்ததும் பெரிசாயிடுமா?”

“தினமும் வாசிச்சா வளரும் பாப்பா.”

அதே ஆறு மாதமாகச் சிங்கத்துக்கும் ஏறுமுகம்.

“உங்க குரல் இப்பல்லாம் கணீர்னு கேக்குது சார்,” என்றார் முதலாளி.

“எல்லாம் வெந்நீர்ல வாய் கொப்பளிக்கிறதுதான்,” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார் சிங்கம்.

அந்த வாரம் ஹோட்டலின் பத்தாவது ஆண்டு விழா. பெரிய மனிதர்கள் வருகிறார்கள். சிங்கம் மலையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்தப் பொம்மையோட மேடை ஏறினா என் மானம் கப்பலேறிடும். பெரிசை எடுத்துட்டு வா. இல்லேன்னா வராதே.”

“சின்னதே இருக்கட்டும் மச்சான், கேளுங்க…”

“பெரிசைத் தூக்கிட்டு வரச் சோம்பல்! இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு!”

தங்கை போனில் கெஞ்சினாள். “அண்ணே, அவர் சொன்னா ஒரு காரணம் இருக்கும்.”

“இருக்கு. சோம்பேறித்தனம்.”

விழா நாள் மத்தியானம் ஒத்திகைக்கு, மலைக்குப் பதிலாகச் சிங்கம் பிடித்த புது ஆள் வந்தான். அவனைவிட அவன் கிட்டார் பெரிது. கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினான். மேஜை மேலிருந்த தண்ணீர் ஜாடி அதிர்ந்தது.

“இதுல்ல கிட்டார்!” என்று சிங்கம் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். பல்லவி முடிந்தது, ஒரு சரணம் முடிந்தது, இன்னொரு சரணமும் முடிந்தது.

கடைசி மேஜையில் உட்கார்ந்திருந்த முதலாளி கையைத் தூக்கினார்.

“கிட்டார் பிரமாதம் சார். நீங்க எப்ப பாட ஆரம்பிப்பீங்க?”

சிங்கம் டிரம்ஸ்காரரைப் பார்த்தார். டிரம்ஸ்காரர் தன் குச்சியைப் பார்த்தார்.

மறுபடியும், கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார். இருமல்தான் வந்தது. அது மட்டும் கடைசி மேஜை வரை கேட்டது.

“முடியலேன்னா பரவாயில்லை சார், இன்னிக்குக் கிட்டார் மட்டுமே போதும்,” என்றார் முதலாளி.

சிங்கத்துக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். கால் தானாகவே தங்கை வீட்டுப் பக்கம் நடந்தது.

படியேறும்போதே உள்ளே அண்டா கிட்டார் முழங்கியது. கதவு பாதி திறந்திருந்தது. காணாமல் போன பிள்ளை கிடைத்துவிட்டது போல மலை அதைக் கட்டிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தான்.

‘அடப்பாவி! வீட்டுல மட்டும் சோம்பல் இல்லையோ?’ சிங்கம் வாயைத் திறக்கப் போனார். அதற்குள் வாசிப்பு நின்று தங்கையின் குரல் கேட்டது.

“இது மேல இவ்வளவு ஆசையை வச்சுக்கிட்டு அந்தக் குட்டியோட ஏங்க மல்லுக்கட்டணும்? உங்க ஒரு விரல் மூணு கம்பியை அமுக்குது. அண்ணன்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்களேன்.”

“என்னன்னு சொல்றது? குரல் இறங்கிப்போச்சு மச்சான்னா? பெரிசு கீழ் சுருதியில உறுமுது. அவர் குரலும் அங்கதான் இருக்கு, முழுங்கிடுது. குட்டி மேலயே கிணுகிணுங்குது, கீழ அவருக்கு இடம் காலி. இதைச் சொன்னா மனுஷன் பாடுறதையே விட்டுடுவார். நான் சோம்பேறியாவே இருந்துட்டுப் போறேன், விடு.”

சிங்கம் பூனையாகி ஆறு படி இறங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தொம் தொம்மென்று மிதித்து மேலே ஏறினார்.

“மாப்பிள்ளை! அந்தப் புது ஆளோட அண்டா மேடையையே அடைச்சுக்குது. எனக்குக் கால் வைக்க இடமில்லை. உன் பொம்மையை எடு!”

“தூக்கச் சோம்பலா இருக்கு மச்சான்,” என்றான் மலை, பழைய பொய்யை விடாமல்.

“நான் தூக்கிட்டு வர்றேன்டா!”

அன்று மாலை கூடம் நிரம்பி வழிந்தது. குட்டி கிணுகிணுத்தது, சிங்கம் கர்ஜித்தது. கைதட்டல் அடங்கியதும் முதலாளியின் மகள் வழக்கம்போல ஓடி வந்தாள்.

“மாமா, இது எப்ப வளர்ந்து பெரிசாகும்?”

மலை பதில் சொல்வதற்குள் சிங்கம் குனிந்து, கடைசி மேஜைக்கும் கேட்கும்படி கணீரென்று சொன்னார்.

“வளரவே கூடாதுன்னு வேண்டிக்கோ கண்ணு. இது வளர்ந்தா இந்த மாமா பாட்டு உனக்குக் கேக்காது.”