ஒரு முழச் சுவர்

கடல் ஊருக்குள் வந்த பிறகு, நாட்டில் மிஞ்சிய நிலத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு வைத்தார்கள். அடுக்ககத்தில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால், அந்த வீட்டுச் சுவர் பக்கத்து வீட்டுக்குள் ஒரு முழம் தானாக நகர்ந்து வரும்.

திங்கட்கிழமை மத்தியானம் அப்படி வந்த சுவர் சுகிர்தாவின் தையல் மெஷினைத் தள்ளிக்கொண்டுபோய்க் கட்டிலோடு சேர்த்தது. பக்கத்து வீட்டு ரோஸ்லினுக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்திருந்தது. கட்டிலில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணவர் செல்வின். அவள் தைத்தால்தான் அடுப்பு எரியும். இப்போது உட்காரவே இடமில்லை.

நிலப் பங்கீட்டு அலுவலகத்துக்கு போன் போட்டுக் கத்தினாள்.

“உங்க வீட்ல ரெண்டு பேரு. அங்க இப்ப மூணு பேரு. கணக்கு சரியாத்தாம்மா இருக்கு.”

“அந்தக் கணக்கு மேல உக்காந்தா தைக்கிறது?”

மறுநாள் காலையில் சுவர் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது.

“பாத்தீங்களா? சத்தம் போட்டாத்தான் இவனுங்களுக்கு உறைக்குது.” மெஷினை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

செல்வின் சுவரைப் பார்த்தார்.

“போனுக்கெல்லாம் செவுரு போகாது சுகிர்தா. ஆள் கொறைஞ்சாத்தான் போகும்.”

மிதியில் இருந்த அவள் கால் நின்றது. பக்கத்து வீட்டுப் பச்சைப் பிள்ளையைத் தானே சபித்துவிட்டதுபோல் இருந்தது. அன்று ஒரு துணியும் தைக்கவில்லை.

சாயங்காலம் ரோஸ்லினின் கணவன் படியேறி வந்தான். கையில் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

அவனுக்குப் பின்னால் யாரும் வரவில்லை.