போடாத பல்செட்

பல்செட் வேண்டுமென்று அப்பா இரண்டு வருடம் நச்சரித்தார். "இந்த வயசுல என்னத்தக் கடிச்சுக் கிழிக்கப்போறீங்க?" என்று கஞ்சியையே ஊற்றினேன். ஒருவழியாக அளவு கொடுத்தோம். பல்செட் வந்தது அவரைப் புதைத்த மறுநாள். டேப் ஒட்டிய டப்பாவைப் பிரிக்காமலே அலமாரியில் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து, சும்மா கிடப்பானேன், அரத்தால் அங்கங்கே ராவி அம்மாவுக்குப் பொருத்த முடியுமா என்று பல் டாக்டரிடம் கொண்டுபோனேன். அவரே டேப்பைக் கிழித்தார். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு மாசத்துல இவ்வளவு தேய்மானமா? பத்து வருஷம் மென்ன மாதிரில்ல இருக்கு! அப்பா ஆசை தீரச் சாப்பிட்டாரு போல."

"அவரு இத ஒரு நாள்கூட போடல, டாக்டர்."

அவர் விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார். பல்லிடுக்கில் சிக்கியிருந்த கறி நாரைக் கொக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தார். ஈரமாக இருந்தது.

நேற்று எங்கள் வீட்டில் கறிதான். அம்மாவுக்கு மட்டும் கஞ்சி.