காலியில்லாத வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம்

"முப்பத்தெட்டு பேரும் பொய் சொல்றாங்க, யோகீஷ். இல்லேன்னா அந்தம்மா காசு கொடுத்து எழுத வச்சிருக்காங்க" என்றாள் மேலாளர் அக்ஷதா.

வாடகைக்கு வீடு தேடித் தரும் அந்த வெப்சைட்டுக்குப் புது உருவம் கொடுத்தவன் யோகீஷ்தான். இலவசமாக இருந்த விளம்பரத்துக்கு ஓனர்கள் இனி மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய் கட்ட வேண்டும் என்று கம்பெனி சொன்னதும் அதே வாரத்தில்; எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து பெங்களூரே திரண்டு வந்து திட்டிக்கொண்டிருந்தது.

'பழைய வெப்சைட்டைத் திருப்பிக் கொடுங்கடா.'

'ஆயிரத்து இருநூறா? ஒரு டூலெட் போர்டு வாங்கி கேட்ல மாட்டிக்கறேன், போங்க.'

'கலரெல்லாம் பளபளன்னுதான் இருக்கு. வீட்டைத்தான் காணோம்.'

இத்தனை வசவுக்கு நடுவே, ஹனுமந்தநகரில் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் முப்பத்தெட்டுப் பேர் ஐந்து ஐந்து நட்சத்திரமாகக் குவித்திருந்தார்கள். விளம்பரம் கொடுத்தவர் பெயர் வனஜாட்சி. 'இந்த ஊர்லயும் மனுஷங்க இருக்காங்கன்னு இப்பத்தான் தெரிஞ்சுது' என்று எழுதியிருந்தார் ஒருவர்.

அவரும் அந்த வீட்டுக்குக் குடிபோகவில்லை. யாருமே போகவில்லை. ஏழு மாதமாக வீடு 'காலி' என்றே கிடந்தது.

"நேர்ல போ. மோசடின்னா அங்கேயே விளம்பரத்தைத் தூக்கிடு. நாளைக்கு மீட்டிங். திருப்தியான வாடிக்கையாளர் ஒருத்தரையாவது நீ காட்டலேன்னா, பழையபடி மாத்திடச் சொல்லிடுவாங்க. உன் வேலையையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

போனான். காலி என்று போட்டிருந்த வீட்டில், அடுப்பில் சாரு, அந்த ஊர் ரசம், கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் ஐம்பது வயது அம்மாள் ஒருத்தி தையல் மிஷினில் குனிந்திருந்தாள்.

"வீடு தேடி வந்தியாப்பா? உள்ள வா. பேச்சலரா? கறி மீன் சமைப்பியா? அட்வான்ஸ் எவ்வளவு புரட்ட முடியும்?"

"இந்த வீடு காலியே இல்லியேம்மா!"

"இல்லதான். நீ உக்காரு முதல்ல."

யோகீஷுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் வெப்சைட் ஆபீஸ்லேர்ந்து வரேன். இல்லாத வீட்டைக் காட்டி ஜனங்களை இழுக்கறது மோசடி, தெரியுமில்ல?"

வனஜாட்சியின் முகம் வெளுத்துவிட்டது. பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது.

"ஒரு நிமிஷம்ப்பா... ஹலோ, சொல்லும்மா. இல்லம்மா, இந்த வீடு போயிடுச்சு. வச்சிடாதே, இரு. என்ன வேலை பண்றே? நர்ஸா? நைட் ட்யூட்டின்னதும் வீடு தரமாட்டேங்கறாங்களா?"

மிஷின் டிராயரிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை உருவிப் புரட்டினாள்.

"எழுதிக்கோ. நாலாவது கிராஸ் தெரு, நீல கேட். ஓனர் சித்தலிங்கையா. ராத்திரி வேலைன்னு முதல்லயே சொல்லிடு, அவர் பொண்ணும் நர்ஸ்தான். பக்கத்து மஞ்சள் வீட்டுக்குப் போயிடாதே, அவங்க ஜாதி கேப்பாங்க. ஆமாம்மா, மீன் சமைச்சுக்கலாம். அழாதே. போய்ப் பாரு."

யோகீஷ் நோட்டை வாங்கிப் பார்த்தான். தெருத்தெருவாக டூலெட் போர்டுகள். எந்த வீட்டில் பேச்சலருக்குக் கொடுப்பார்கள், எங்கே அட்வான்ஸைக் குறைப்பார்கள், எங்கே கோடையில் தண்ணீர் வராது, எல்லாம் கோணல் எழுத்தில்.

"பணம் கட்ட முடியாத ஓனருங்க போர்டு மாட்டறாங்க. தேடறவங்க போனை விட்டுத் தலையே நிமிர்றதில்ல. அந்தப் போர்டை யார் பாக்கறா? அதான் பூ வாங்கப் போறப்ப ரெண்டு தெரு சுத்திட்டு வந்துடறேன்."

"விளம்பரத்துக்கு மாசாமாசம் பணம் கட்டறீங்களே?"

"ரெண்டு நாள் கூட உக்காந்து தைச்சா ஆச்சு."

"கமிஷன் எவ்வளவு வாங்கறீங்க?"

"என்னைப் பாத்தா புரோக்கர் மாதிரி இருக்கா?" என்று சீறினாள். பிறகு குரல் தணிந்து, "வீடு கிடைக்காம அலையறது என்னன்னு எனக்குத் தெரியும்ப்பா" என்றாள்.

யோகீஷ் வெட்கிப்போனான். பத்துப் பேர் ஆறு மாதம் உட்கார்ந்து செய்யாததை இந்த அம்மாள் ஒரு நோட்டில் செய்துவிட்டாள். அழுத பெண்ணுக்கு இரண்டு நிமிடத்தில் கதவு திறந்துவிட்டாள். காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது அவனுக்கு.

போனை எடுத்து, 'நேரில் பார்த்தேன். விளம்பரம் தொடரலாம்' என்று ஆபீசுக்கு அனுப்பினான்.

"அம்மா, உங்களை நான் சும்மா விடப் போறதில்ல. நாளைக்கு மீட்டிங்ல உங்களைப் பத்தித்தான் பேசப் போறேன். வெப்சைட்டோட முதல் பக்கத்துல உங்க போட்டோ! இந்த வீட்டு வாசல்ல நின்னு சிரிச்சமாதிரி. 'ஊருக்கே உதாரணமான ஓனர்'னு பெரிசா போடறோம்!"

"ஐயையோ, மெதுவாப் பேசுப்பா!" வனஜாட்சி பதறி எழுந்து கதவைச் சாத்தினாள். "நானே இங்க வாடகைக்குத்தான் இருக்கேன். ஓனர் மாடியில இருக்கார். அவர் வீட்டை வாடகைக்குன்னு போட்டிருக்கறது தெரிஞ்சா, நாளைக்கே நான் தெருத்தெருவா வீடு தேடணும்!"